ஏழாம் நம்பர் ஏர்கன்னும் என் சித்தியும்

உலகத்தில் ஏதாவது ஒரு குண்டு நேராகப் போகிறதென்றால் அதற்கு என் சித்திதான் காரணம். நிலாவையும் ஒருநாள் அவள்தான் துணி போட்டுத் துடைத்துவிட்டாள் என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் ஏர்கன் குழல்களைச் சுத்தம் செய்வது சித்தியின் வேலை. நைலான் நரம்பில் துணித் துண்டைக் கட்டி, பின்பக்கம் விட்டு வாய்ப்பக்கமாக இழுப்பாள். கம்பி பிரஷ்ஷைக் கண்டாலே ஆகாது. "உன் தொண்டைக்குள்ள வெளக்குமாத்த விட்டா சும்மா இருப்பியா?" என்பாள்.

ஏழாம் நம்பரை மட்டும் அவள் தொட முடியாது. அது கிளப் செயலாளர் சுடுவது. வேறு கை படக்கூடாது என்பது அவர் உத்தரவு. போன போட்டியில் அவர் கோட்டை விட்டார். பழி துப்பாக்கி மேல் விழுந்தது.

"கொழல் கோணிடுச்சும்மா. பழைய இரும்புக்குப் போட்டுடு."

"கோணல் கொழல்ல இல்ல சார். உள்ள ஈயம் அப்பிக் கெடக்கு."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

சித்தி அலமாரிச் சாவியை மேசைமேல் டக்கென்று வைத்தாள். "தொடச்சுச் சுட்டுக் காட்டறேன். அஞ்சு குண்டும் ஒரே எடத்துல விழலன்னா சாவிய நீங்களே வெச்சுக்கங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

பள்ளி விட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். சித்தி நாள் முழுக்க வீட்டிலிருந்தால் என் கதி என்ன ஆவது?

முதல் துணி கரிச்சட்டி துடைத்ததுபோல் வந்தது. வெள்ளையாக வரும்வரை இழுத்தாள். மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டாள். குண்டு இலக்கு அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. செயலாளர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"இது கணக்குல வராது சார். தொடச்ச கொழல் கொஞ்சம் சுட்டாத்தான் நெதானத்துக்கு வரும். தூங்கி எந்திரிச்சதும் நீங்க நேராவா நடக்கறீங்க?"

அவள் மேலும் மேலும் சுட்டுக்கொண்டிருக்க, நான் திரும்பி நின்று என் வேலையைப் பார்த்தேன்.

பிறகு புது அட்டை மாட்டினாள். ஐந்து குண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. சட்டைப் பொத்தான் அளவு.

"இன்னிக்குக் காத்து இல்ல, அதான்…" என்று இழுத்தார் செயலாளர்.

"நாலு சுவத்துக்குள்ள என்னிக்கு சார் காத்து அடிச்சுது?" சித்தி சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். "இனிமே ஏழாம் நம்பரும் என் கைலதான்."

வாசல் தாண்டியதும் என்னிடம் கை நீட்டினாள். "பையில இருக்கறத எடுடி."

"எத சித்தி?"

அவளே கைவிட்டு எடுத்தாள். ஓர் அட்டை. நட்டநடுவில் ஒரே ஓட்டை.

"இது எந்தத் துப்பாக்கிடி?"

"சும்மா… தேவைப்பட்டா மாத்தி வெக்கலாம்னு…"

"குண்டு போனா ஓரத்துல ஈயக்கறை வளையமா நிக்கும். இது பென்சிலால குத்தினது." அட்டையாலேயே என் தலையில் ஒன்று வைத்தாள். "அப்ப, நான் தோத்துடுவேன்னு நீயும் முடிவு பண்ணிட்ட?"