இருபத்தாறில் வைத்த ஏசி

பாஞ்சாலை ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து கணவனின் கழுத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டிருந்தாள். வேங்கிக்கால் மாடி வீட்டில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். நான் நர்ஸ். படுக்கைப் புண் வராமல் பார்க்கவும் மூத்திரக் குழாயைக் கவனிக்கவும் வாரம் ஒருமுறை போக ஒப்புக்கொண்டிருந்தேன்.

அருணகிரி பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் போய்விட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். இப்படி அடிபட்டவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காது. வெயில் ஏறினால் உடம்பும் கூடவே கொதிக்கும், அது அவர்களுக்கே தெரியாது. அவர் வேலை பார்த்த மேஸ்திரி ஒரு பழைய ஏசியை மாட்டிக் கொடுத்திருந்தார்.

"பதினெட்டுல வெச்சா சீக்கிரம் குளுரும் பெரிம்மா. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்திடுவேன். பில்லு ஜாஸ்தியாவுது" என்றாள் பாஞ்சாலை.

"ஒரு மணி நேரம் என்னை ஊட்டிக்கு அனுப்புவா நர்சம்மா, அப்புறம் அடுப்புல உட்டுருவா" என்று அருணகிரி சிரித்தார்.

"பதினெட்டுல வெச்சாலும் அதே வேகத்துலதாம்மா குளுரும். நிக்காம ஓடும், அவ்ளோதான். இருபத்தாறுல வை. ஃபேனை மெதுவா போடு. பகல்ல நிறுத்தாத" என்றேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வைத்தேன். மேற்கு ஜன்னலுக்குக் கனமான துணி கட்டினோம். கதவின் அடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தோம்.

பாஞ்சாலை அரசு ஊழியர் குடியிருப்பில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். பத்து மணிக்குப் போனால் நாலு மணிக்கு வருவாள். ஏப்ரல் கடைசியில் நான் அருணகிரியோடு இருந்தபோது கரண்ட் ரீடிங் எடுத்த அட்டையோடு ஓடி வந்தாள்.

"பாதிக்குப் பாதி கம்மி பெரிம்மா!"

எனக்கும் பெருமையாக இருந்தது. இருபத்தாறில் வைத்தால் கால்வாசி குறையலாம், மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பாதி குறையாது. அது தெரிந்தும் நான் யோசிக்கவில்லை.

மே இரண்டாம் வாரம் கரி தீர்ந்துபோய் அவள் மதியமே வீடு திரும்பினாள். ஏசி நின்றிருந்தது. ரிமோட் அவர் வலது கைக்கு அடியில் கிடந்தது. போன் வந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். தோல் காய்ந்து சிவந்திருந்தது, தெர்மாமீட்டர் நூற்றாறு காட்டியது. பேச்சு குழறியது. ஈரத்துணி போர்த்தி, ஐஸ் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று சாயங்காலம் கொஞ்சம் தெளிந்து பாஞ்சாலையிடம் பேசினார்.

"தெனமும் நீ போனதும் நிறுத்திடுவேன். நீ வர்றதுக்கு முன்னாடி போட்டுருவேன்."

"ஏன்யா? ஏன்யா இப்படிப் பண்ண?"

"நீ கரிப் பெட்டியோட வேகுற. நான் மட்டும் குளுருல படுத்துங்கெடக்கறதா?"

மறுநாள் சிறுநீரகம் நின்றது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

உடலை எடுத்துப்போன பிறகு பாஞ்சாலை என் பக்கம் திரும்பினாள். "பில்லு கம்மியாச்சுனு அவரு எதிர்லயே குதிச்சேனே பெரிம்மா. அதைப் பாத்துத்தான் இன்னும் நிறுத்தியிருப்பாரு."

"நானும்தாம்மா சந்தோசப்பட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை உறவுக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனார்கள். பாஞ்சாலை வெறுந்தரையில் அசந்து தூங்கினாள். நான் அவளை எழுப்பவில்லை. இஸ்திரிக்கு வந்த ஆறு வீட்டு உருப்படிகள் மூட்டையாகக் கிடந்தன. துணியில் போட்டிருந்த குறி பார்த்துப் பிரித்து, இஸ்திரி போடாமலே வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.