ஆறுவதற்கு எம்புட்டு நாள்?

ஏழாம் வகுப்பில் பூமி உருவான பாடம் நடத்தினேன். புத்தகத்தில் 'குளிர்ந்தது' என்றிருந்ததைப் பிள்ளைகளுக்குப் புரியட்டுமென்று மாற்றிச் சொன்னேன். "பூமி மொதல்ல நெருப்புக் குழம்பா இருந்துச்சு. அது ஆறவே பல கோடி வருஷமாச்சு."

செல்வி எழுந்தாள். "அப்ப எங்கம்மாவுக்கு ஆற எம்புட்டு நாளாகும் டீச்சர்?"

கேலி என்று நினைத்து, "பாடத்துல மட்டும் கேளு, உட்காரு" என்று அதட்டினேன். வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் மெல்லச் சொன்னாள்: "அவுக அம்மா பட்டாசுக் கம்பெனியில மருந்து வெடிச்சதுல வெந்துபோயி ஆஸ்பத்திரியில இருக்காக டீச்சர்."

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வருஷா வருஷம் அந்தப் பாடம் வருகிறது. 'குளிர்ந்தது' என்று வாசித்துவிட்டு, எவளாவது எழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவசரமாகப் பக்கத்தைத் திருப்புகிறேன்.