அண்ணனுக்கு ஒரு போன்

எங்கள் அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவர். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் வாசலிலேயே நின்று, "செல்லு கில்லு இருந்தா எடுத்து உள்ள வச்சிருங்கம்மா, அப்புறம் வாரேன்" என்பார். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். திருநகரில் என் வீட்டுக்குத் தரை போட வந்தபோது என்னிடமும் அதையே சொன்னார். எனக்குச் சுருக்கென்றிருந்தது.

பதினாறு வயதில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவிக்கொண்டு ஓடிப் பிடிபட்டவர் அவர். அதற்கு முன்பும் இரண்டு மூன்று எடுத்திருந்தார். தப்பு தப்புத்தான், நான் பூசி மெழுகப் போவதில்லை. சீர்திருத்தப் பள்ளியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்த பிறகு அடுத்தவர் பொருளில் ஒரு துரும்பைத் தொட்டதில்லை. ஆனாலும் அவர் தலை தெரிந்தால் அம்மா தன் போனை இடுப்பில் செருகிக்கொள்வார். நானும் தலையணைக்கடியில் தள்ளியிருக்கிறேன். அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். இருபது வருஷம் இப்படியே போயிற்று. எழுதவே கூசுகிறது.

இப்போது வேலையே போனில்தான் வருகிறது. முடித்த தரையைப் படம் எடுத்து அனுப்பு என்கிறார்கள், வீட்டுக்கு வழியையும் அதில்தான் அனுப்புகிறார்கள். அண்ணனிடம் போனே கிடையாது. மேஸ்திரிகள் ஒவ்வொருவராக அவரை விட்டுவிட்டார்கள். போன மாதம் நாலே நாள்தான் வேலை. நான் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "வேணாம் தாயி. என் கையில பாத்தா, யாருதுடான்னுதான் கேப்பாக" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம், அவர்மேல் இல்லை, எங்கள்மேல். ஒளித்து வைத்தவர்கள்தான் முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் முன்னால் என் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சற்று நேரத்தில் மணி அடித்தது.

"கையெல்லாம் மாவு, எடுத்துப் பேசுண்ணே."

அவர் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. "எடுண்ணே" என்றேன், நானும் நகரவில்லை. இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். மேலூரிலிருந்து அம்மா.

"அவ போனு உன் கையில எப்படிடா வந்துச்சு?" என்று அம்மா கேட்டது அடுப்படி வரை கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவதாம்மா எடுக்கச் சொன்னா" என்றார் நிதானமாக. "சாயந்தரம் எனக்கும் ஒண்ணு வாங்கப் போறோம். வாங்குனதும் முதல்ல உனக்குத்தான் பேசுவேன்."