தேவையில்லை என்று நான் கட்டிய தகரம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், நான் வருவது தெரிந்தால் ஆட்கள் உடைந்த ஸ்டூலைத் தூக்கி ஒளித்து வைப்பார்கள். ஃபைவ் எஸ் பொறுப்பு என்னுடையது. பட்டறையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பேன். வேண்டாததன் மேல் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் அது பழைய இரும்புக்குப் போய்விடும். பதினாறு வருடம் இதையே செய்து செய்து, எதைப் பார்த்தாலும் வேண்டும், வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றும். வீட்டில் சமையல் மேடையைப் பார்த்து வாயைத் திறந்தேனானால் என் மனைவி கரண்டியோடு திரும்புவார். அங்கே மட்டும்தான் நான் அடங்குவேன்.

அந்தத் திமிரோடுதான் ஓடைக்கரைக்கும் போனேன்.

கெலவரப்பள்ளி அணைக்கு மேலே தென்பெண்ணையில் வந்து சேரும் சின்ன ஓடை அது. நான் போவதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு புயல் மழையில் வெள்ளம் வந்து, கரையை வழித்து எடுத்துக்கொண்டு, மணலையும் கூழாங்கல்லையும் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கரையைத் தத்தெடுத்து மரம் நடுவது என்று எங்கள் நிர்வாகம் முடிவு செய்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வரப்போகிறார்கள், அதற்குள் கரை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் என்னை அனுப்பினார்.

போய்ப் பார்த்தால் ஒரே புதர். கீழே தும்பையும் நாயுருவியும் கோரையும். அதற்கு மேல் எருக்கும் ஆமணக்கும். தண்ணீர் ஓரம் நாணல். நடுநடுவே நொச்சி, நெஞ்சுயரத்துக்குப் புங்கன் கன்றுகள். இன்றைக்கு எனக்கு இத்தனை பெயர் தெரிகிறது. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பெயர்தான் இருந்தது: குப்பை.

அட்டை மழையில் நைந்துவிடும் என்று டூல் ரூமில் சொல்லித் தகரத்தில் சின்னச் சின்ன வில்லைகள் வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 'தேவையில்லை' என்று எழுதி, கீழே தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பரைப் பஞ்ச் அடித்திருந்தேன். யார் முடிவு செய்தது என்று பின்னால் தெரிய வேண்டுமே! பொக்லைன் எதை வழிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, பத்தடிக்கு ஒன்றாகச் செடிகளில் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டே போனேன். செடிக்கு டோக்கன் நம்பர் போட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கரையை ஒட்டி ஒரு ராகிக் கொல்லை. ராகிக்கு நடுவே அவரை. அதன் சொந்தக்காரர் என்னைவிட ஓரிரு வயது மூத்த பெண். கணவர் இல்லை, ஒரே மகள். மகள் செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். ஆறேழு ஆடுகள். அந்த அக்கா ஆடுகளோடு தெலுங்கில் பேசுவார், பக்கத்துக் கொல்லைக்காரரோடு கன்னடத்தில் சண்டை போடுவார், என்னிடம் தமிழ்.

"என்னா சார் கட்றீங்க?"

"க்ளீன் பண்ணப் போறோம்க்கா. நல்ல மரமா நடப் போறோம்."

"அதுங்கள உட்டுடுங்க சார். வெள்ளம் போன மறு மாசமே மொளைக்க ஆரம்பிச்சிது. கரை தானா கட்டிக்கிட்டு வருது. நானே எங்க ஆட்டக்கூட அந்தப் பக்கம் உடறதில்ல, முள்ளு வெச்சி அடச்சிருக்கறேன் பாருங்க."

பார்த்தேன். கொல்லைக்கும் கரைக்கும் நடுவே வேலமுள்ளை வெட்டிப்போட்டு நீளமாக அடைத்திருந்தார். ஆடு மேயக்கூடாது என்று ஆட்டுக்காரரே போட்ட வேலி. அதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

"நாங்க பாத்துக்கறோம்க்கா" என்றேன். பட்டறையில் ஹெல்ப்பரிடம் பேசுகிற குரல் அது.

பொக்லைன் வந்த அன்று ஒரே ஒரு தகராறு. அவர் கொல்லையின் மேல் மூலையில், மோட்டார் கொட்டகையை ஒட்டி, ஒரு புங்கன் கன்று. அதிலும் என் தகரம் தொங்கியது. அந்த அக்கா ஓடி வந்து கன்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "இது எங்க வரப்பு. இதுல பக்கெட்டு பட்டுச்சின்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்." டிரைவர் என்னைப் பார்த்தார். "சனியன், அத உட்டுட்டுப் போ" என்றேன். மரத்தைச் சொன்னேனா அந்த அக்காவைச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவர் காதில் விழுந்தது என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றே நாளில் கரை மொழுமொழு என்று ஆகிவிட்டது. நர்சரியிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து, நூல் பிடித்து, வரிசையாக நட்டோம். பெரியவர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு கன்றோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு இரவு நான் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பழைய புயல் மழை மாதிரி ஒன்றும் இல்லை, வருடா வருடம் பெய்கிற மழைதான். இரண்டே நாளில் எங்கள் கன்றுகள் நூல் பிடித்த வரிசையோடு போய்விட்டன. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிடிமானம் இல்லாத கரையை அறுத்துக்கொண்டு தண்ணீர் கொல்லைக்குள் புகுந்து, கதிர் வாங்கி நின்ற ராகியில் பாதியை மண்ணோடு கொண்டுபோயிற்று. புங்கன் நின்ற மூலை மட்டும் பெயரவில்லை. மோட்டார் கொட்டகை அதனால் தப்பியது.

நான் போய் நின்றபோது அந்த அக்கா சேற்றில் குனிந்து, சாய்ந்த கதிர்களைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பிப் பேச இரண்டு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கல்லு வெச்சிக் கட்டித் தருவீங்களா சார்? அடுத்த மழைக்கு மிச்சமும் போயிடும்" என்றார். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

மேனேஜர் அறிக்கை கேட்டார். "யார் க்ளியர் பண்ணச் சொன்னது?" என்று முதல் கேள்வி. அனுப்பியவரே அவர்தான், ஆனால் செடிகளைச் சுத்தமாக வழித்துவிடு என்று அவர் வாயால் சொல்லவில்லை என்பதும் உண்மை. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்து எழுதினேன். நல்ல தமிழில், பாயின்ட் பாயின்ட்டாக. தொடர் ஆட்டு மேய்ச்சலால் கரையின் மண் தளர்ந்திருந்ததே அரிப்புக்குக் காரணம் என்று எழுதினேன். கீழே கையெழுத்து, டோக்கன் நம்பர்.

ஆட்டு மேய்ச்சல். முள்வேலியைக் கண்ணால் பார்த்த நான்.

அறிக்கையின் நகல் பஞ்சாயத்துக்கும் போயிற்று. மேய்ச்சலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கல் கட்டும் யோசனையை நிர்வாகம் கைவிட்டது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அடுத்த தையில், வைத்த கன்று எத்தனை பிழைத்தது என்று கணக்கெடுக்கும் சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ஒன்றும் பிழைக்கவில்லை, அது எனக்கே தெரியும். வீட்டில் உட்கார முடியவில்லை, அதுதான் விஷயம். அந்த அக்கா காபி போட்டுக் கொடுத்தார். ஆட்டுப்பட்டி காலியாக இருந்தது.

"ஆடெல்லாம் எங்கக்கா?"

"வித்துட்டேன் சார். என் ஆட்டாலதான் கரை போச்சின்னு ஊர்ல பேச்சு. மேல கொல்லைக்காரங்க வந்து சண்டை புடிச்சாங்க. அவங்களுதும் ரெண்டு சால் போச்சில்ல. எங்க போனாலும் ஆட்டுக்காரி ஆட்டுக்காரின்னு. டீக்கடப் பக்கங்கூட இப்ப போறதில்ல. என்னாத்துக்கு?"

நான் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது என்று சொன்னேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறாவது போவது வழக்கமாகிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன், செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அந்த அக்கா அவரைக்காயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து வரப்புவரை வந்து அனுப்புவார். நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்வேன், தொழிற்சாலைப் புத்தி போகுமா? முதல் வருடம் பார்த்தீனியம் தவிர எதுவும் வரவில்லை. மேல்மண் போய்விட்டதே, வேறு எது வரும்? வெள்ளம் வழித்தபோது மறுமாதமே பச்சை வந்த இடம், நான் வழித்த பிறகு ஒரு வருடம் சொறி பிடித்துக் கிடந்தது. அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் கொல்லை போயிற்று. அதற்கப்புறம்தான் கோரை தலைகாட்டியது, அங்கங்கே தும்பை. பிறகு எருக்கு. மேலேயிருந்து அடித்துவந்த நாணல் தூர் ஒன்று கல்லிடுக்கில் மாட்டி வேர் விட்டது. அது வண்டலை நிறுத்தியது. அந்த வண்டலில் நொச்சி வந்தது, பொக்லைன் அறுத்துப்போட்ட பழைய வேர்த் துண்டிலிருந்தே துளிர்த்தது. தண்ணீரில் மிதந்து வந்த புங்கங்காய்கள் நாணலில் தடுக்கி முளைத்தன. நான் தகரம் கட்டிய அதே செடிகள், அதே வரிசையில், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் பண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தன. எதுவும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

மூன்றாவது வருட மழையில் கரை நின்றது. ஒரு கூடை மண்கூடப் பெயரவில்லை. இனி அங்கே கல் வேண்டாம். எனக்கு அதைப் பார்த்து சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. செடிகூடத் திரும்பி வந்துவிட்டது, அந்தப் பெண்மேல் நான் போட்ட பழி போட்ட இடத்திலேயே கிடந்தது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை. அந்த அக்கா புங்கன் அடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். கன்று இப்போது என் கை கனம் இருந்தது. நான் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்து, அதன் மேல் உதடு மாதிரி மரம் வளர்ந்து மூடியிருந்தது. தகரம் மட்டும் வெளியே தொங்கியது. பெயின்ட் உதிர்ந்து, எழுத்து அழிந்து, பஞ்ச் அடித்த நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது.

"இது மரத்த அறுக்குது. எடுத்துடறியா?" என்றார். என்னை 'சார்' என்று கூப்பிடுவது போய் வெகு நாளாகியிருந்தது.

வண்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன். கம்பி பிடி கொடுக்கவில்லை. பட்டையைக் கீறினால் ஈரம் கசிந்தது. அப்போதுதான், மரத்தைப் பார்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சொன்னேன்.

"அக்கா, ஆட்டு மேல பழி போட்டு எழுதினது நான்தான்."

"தெரியும்."

பிளேயர் கையிலேயே நின்றது.

"பஞ்சாயத்துல குடுத்த காயிதத்த எம் பொண்ணு அன்னிக்கே படிச்சிக் காட்டுச்சி. அடியில ஒரு நம்பர் இருந்துச்சி. அதுதான் சொல்லுச்சி, நம்ம மரத்துல தொங்குதே அதே நம்பர்மா இதுன்னு."

மூன்று வருடம். அந்தக் காபி, அந்த அவரைக்காய்ப் பொட்டலங்கள், போய்ட்டு வா என்று சொல்லி வரப்புவரை வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே.

"திட்டியிருக்கலாமேக்கா. இந்தத் தகரத்தையாவது புடுங்கி மூஞ்சியில எறிஞ்சிருக்கலாமே."

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீ நோட்டத் தூக்கிக்கிட்டு வரும்போது, இன்னிக்கி சொல்லிடுவான்னு நெனப்பேன். செடிய எண்ணிட்டுப் போயிடுவ." பட்டையில் கசிந்த ஈரத்தை விரலால் துடைத்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னா ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. நான் சொன்னா ஊரு நம்பல, நீ ஊருக்குச் சொல்லு. டீக்கடையில இப்ப எல்லாரும் இருப்பாங்க, வா."

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். தகரத்தை எப்படியோ பிய்த்து எடுத்திருந்தேன். கம்பியில் பாதி மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேல் கொல்லைக்காரரும் இருந்தார். பட்டறையில் நூறு பேருக்கு முன்னால் மைக் பிடித்துப் பேசுகிறவன் நான். அங்கே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையை வழித்தது நான், இந்த அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆட்டை அவர் கரைக்கு விட்டதே இல்லை, நான் பொய் எழுதினேன் என்று சொல்லி முடித்தேன். யாரும் கை ஓங்கவில்லை. ஒருவர் பன்னை டீயில் தோய்த்தபடியே நின்றார்.

மேல் கொல்லைக்காரர்தான் பேசினார். "அந்த ஆட்ட நாங்கதான் சார் வாங்குனோம். மாரியம்மன் பண்டிகைக்கி. ஊரே தின்னுச்சி. இப்ப வந்து சொல்றீங்களே."

அந்த அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டு டீ என்று கை காட்டினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த பெஞ்சில், எல்லாருக்கும் நடுவில், உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே குடித்தேன். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை.