நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம்தான்

டயாலிசிஸ் பிரிவில் எடை மெஷின் ஒன்றுதான் பொய் சொல்லாது. மற்ற எல்லோரிடமும் நர்ஸ்தான் மல்லுக்கட்ட வேண்டும். யார் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்றே சொல்லிப் பழகிப்போன சக நர்ஸ்களே, இது நம் கதை.

மூன்று மாதச் சோதனை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பத்து வருட சர்வீஸ். திடீரென்று ஒருநாள் டயாலிசிஸ் பிரிவுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். அன்று திருநகர் வீடு வரை ஸ்கூட்டியில் பாடிக்கொண்டே போனேன். மறுநாளே மேட்ரன் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

"வேலை ஒனக்கு அத்துபடி. ஆனா யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுற. மூணு மாசம் பாப்பேன், சரிப்படலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

என் எடை ஊருக்கே தெரிந்தது

சிறுநீரகம் கெட்டவர்கள் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துத்தான் டயாலிசிஸில் அதை எடுப்போம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஐயா ஒருவர் நாலு கிலோ கூடி வந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உங்கள் மெஷின்தான் ரிப்பேர் என்று சாதித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, செருப்பைக் கழற்றிவிட்டு நானே மெஷினில் ஏறிவிட்டேன். எழுபத்தாறு கிலோ, காலையில் வீட்டில் பார்த்ததும் இதேதான் என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடமே மறைத்து வைத்த ரகசியம் அது. ஐயா குனிந்து மெஷினில் எண்ணைப் பார்த்தார்.

"அப்ப மெஷின் சரிதான் தாயி. நேத்து எளநீ ரெண்டு, சாயங்காலம் சர்பத் ஒண்ணு. எழுதிக்க."

அஸருக்கு அப்புறம்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் பாய், மகள் கல்யாண வேலையில் ஒரு தடவை டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்டார். கல்யாணத்தன்று காலை பத்தரைக்கு மூச்சு வாங்க வந்து நின்றார். மதியத் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். நாலு மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்து அனுப்பச் சொல்லி மகன் கெஞ்ச, மனம் இளகிய இளம் டாக்டர், உடம்பில் சேர்ந்திருந்த நாலு லிட்டர் தண்ணீரையும் இரண்டே மணி நேரத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவ்வளவு வேகமாக எடுத்தால் பிரஷர் விழுந்து ஆளே போய்விடலாம். "சரி சார்" தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, நான் அப்படி ஓட்ட மாட்டேன் சார், பெரிய டாக்டரிடம் பேசுங்கள் என்று போனை நீட்டினேன். போனைக் கேட்கக் கேட்க இளம் டாக்டரின் முகம் சிவந்தது. நாலு மணி நேரமே ஓட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகன் என் பக்கம் திரும்பி, "ஒங்க வீட்டுக் கல்யாணம்னா இப்படிச் சொல்லுவீங்களா?" என்றான்.

"எங்க வீட்டுக் கல்யாணம்னாலும் அப்பாவ உசுரோடதான் கூட்டிட்டுப் போவேன்" என்றேன்.

மெஷினை ஓடவிட்டேன். பாய் படுத்தபடியே, நிக்காஹ் நடத்தி வைக்கும் இமாமுக்குப் போன் போட்டார்.

"ஹஜ்ரத், நிக்காஹ் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வச்சுக்குவோம். ஏன்னு கேக்காதீங்க, சிஸ்டர் சொல்லிருச்சு."

மேட்ரன் அறையில்

நாலு மணிக்கு முன்பே பாய் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வந்தபோது மருந்து அறைக்குள் போய்க் குதித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் மறுநாள் மேட்ரன் கூப்பிட்டார். உத்தரவை மறுத்ததாக இளம் டாக்டர் புகார் எழுதியிருந்தார். மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான். நாற்காலி போச்சு என்றே நினைத்தேன். டாக்டர் சொல்லியும் நீ மறுத்தது நிஜமா என்று கேட்டார். ஆமாம், இன்னொரு தடவை சொன்னாலும் மறுப்பேன் என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற ஆயாம்மா எட்டிப் பார்த்தார். மேட்ரன் அம்மா புகாரை மடித்து மேசைக்குள் வைத்தார்.

"மெதுவாச் சொல்லும்மா, எனக்குக் காது கேக்குது. இனி நீதான் இன்சார்ஜ்."

தலைமைப் பண்பு என்று பயிற்சி வகுப்பில் பெரிதாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது, எல்லோரும் அவசரப்படும்போது நாலு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, அந்த நாலு மணி நேரமும் பக்கத்திலேயே நின்று திட்டு வாங்குவதுதான்.