மரியாதைக்காக மூடிய மோடம்

ரமணி சுங்கை பினாங் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடித்து வந்தால், வீட்டில் காத்திருப்பது இறந்துபோன கணவர் புவனேஸ்வரனின் படம் மட்டும்தான். ஒரே மகள் தனுஜா அயர்லாந்தில் தாதியர் படிப்பில் இருக்கிறாள்.

ரமணியின் வாய் பொல்லாதது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பரீட்சை முடிச்சிட்டு ஓடி வந்துடுறேம்மா" என்றாள் தனுஜா. அதற்குள் அவர் போய்விட்டார். "இனிமே அந்தப் பரீட்சையையே அப்பான்னு கூப்பிட்டுக்கோ" என்று ரமணி போனில் கொட்டிவிட்டாள். மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் மன்னிப்புக் கேட்க அந்த வாய்க்கு வரவில்லை.

கருமாதி முடிந்ததும் ஹாலில் இருந்த குட்டி இரும்பு அலமாரியின் மேல் படத்தை வைத்து விளக்கேற்றினாள். அங்கேதான் வைஃபை மோடமும் இருந்தது. செத்தவர் முகத்துக்குப் பக்கத்தில் அது பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டியது. அது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பின்பக்க ஓட்டை வழியாக வயரை விட்டு, தாம்பாளம், குத்துவிளக்குகளுக்கு நடுவே மோடத்தைத் தள்ளி, கதவை இறுக்கச் சாத்தினாள்.

அன்றிலிருந்து மகளின் வீடியோ அழைப்புகள் அறுபட ஆரம்பித்தன. அவர் படத்துக்கு எதிரே வாக்குவாதம் வேண்டாம் என்று ரமணி படுக்கையறைக்குள் போய்த்தான் பேசுவாள். "அம்மா, ஒன்னு கேக்கணும்..." என்று தனுஜா தொடங்குவாள். அவ்வளவுதான், முகம் உறைந்து சத்தம் நின்றுவிடும். மகள்தான் கோபத்தில் துண்டித்துவிடுகிறாள் என்றே ரமணி நம்பினாள். திரும்ப அழைக்க ரோஷம் விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுவாள், பிறகு சோறு வடிக்கப் போவாள்.

மாதப் படையலன்று தாம்பாளம் எடுக்க அலமாரியைத் திறந்த நேரம் போன் அடித்தது. அங்கேயே நின்று எடுத்தாள். என்றும் இல்லாமல் தனுஜாவின் முகம் பளிச்சென்று வந்தது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வழக்கம்போல அறைக்குள் போனாள். முகம் உறைந்துவிட்டது. அலமாரி திறந்திருந்தபோது தெளிவாக வந்ததே என்று ரமணிக்குத் தட்டியது. ஓடிவந்து அதன் கதவைத் திறந்தாள். மகள் அசைந்தாள்.

இத்தனை நாளும் பெண்ணின் பேச்சை மறித்தது, படத்துக்கு ரமணி காட்டிய மரியாதைதான்.

"அம்மா, கட் பண்ணாதீங்கம்மா! நான் கேக்க வரும்போதெல்லாம் கட் பண்ணிடுறீங்க."

"நான் பண்ணலடி. மோடத்த இரும்பு அலமாரிக்குள்ள அடைச்சிட்டேன் லா. எனக்குப் புத்தியே இல்ல. கேளு, என்ன கேக்கணும்?"

தனுஜா திரைக்கு நெருங்கி வந்தாள். "அப்பா என் மேல கோவத்தோடதான் போனாராம்மா?"

ரமணி இந்தத் தடவை அறைக்குள் போகவில்லை. படத்துக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லடி. பாப்பா பரீட்சைய நல்லா எழுதணும்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான்தான் ஒங்கிட்ட சொல்லல."