காணிக்கைத் தட்டைக் கீழே போட்ட எங்கள் அம்மா

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். அம்மா செய்த நல்ல காரியங்களில் பெரியதைத்தான் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். சிலருக்கு அது கசக்கும். கசக்கட்டும்.

அம்மா வில்லியனூர்ப் பக்கம் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். போதகரான அப்பாவை மணந்து, அறுபதுகளின் கடைசியில் பாகூர் அருகே ஒரு சிறிய சபைக்கு வந்தார். சபையார் அப்பாவை ஐயர் என்றும் அம்மாவை ஐயரம்மா என்றும் அழைத்தார்கள். சம்பளம் அப்பாவுக்கு மட்டும்; வேலை இருவருக்கும். இடுப்பில் தம்பியும் முந்தானையைப் பிடித்தபடி நானும் தங்கையுமாக, அம்மா ஞாயிறு பள்ளி நடத்தினார், கோயிலைப் பெருக்கினார், மாதர் சங்கத்தில் பாடினார். பீடத்து விரிப்பையும் எங்கள் பீத்துணியையும் ஒரே கிணற்றடியில் துவைக்கிறார் என்று சபை மூப்பரின் மனைவி அதற்கும் குறை சொன்னார். அவரை மூப்பரம்மா என்போம்.

தம்பிக்கு மூன்று வயது. அப்பா வெளியூர் ஊழியத்துக்குப் போயிருந்தார். மூப்பர் வீட்டில் வீட்டு ஜெபம். காய்ச்சலில் துவண்டு கிடந்த தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டார் அம்மா. வண்டியும் மாடும் வாசலிலேயே நின்றன.

"இன்னா ஐயரம்மா, சொரத்துக்கெல்லாம் வண்டியா? புள்ளய சாக்கு சொல்லி நழுவாத. ஜெபத்த முடி, கர்த்தர் பாத்துப்பாரு" என்றார் மூப்பரம்மா.

அம்மா உட்கார்ந்து ஜெபித்தார். விடிந்ததும் மளிகைக் கடைச் செட்டியார்தான் தம் வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். மூளைக்காய்ச்சல். உயிர் தங்கியது, இரண்டு காதும் போயின. முந்தின நாளே வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

இதையும் அம்மா பொறுத்திருப்பார். ஆனால் தம்பி வீடு திரும்பிய ஞாயிறே மூப்பரம்மா ஆராதனையில் எழுந்து, தம் வீட்டு ஜெபத்தால் பிள்ளை சுகமானான் என்று சாட்சி சொன்னார். சபை அல்லேலூயா சொன்னது. ருசி கண்டுவிட்டார் போலும், சில மாதம் கழித்து ஆராதனையில் மறுபடியும் அதே சாட்சியை ஆரம்பித்தார்.

அம்மா எழுந்தார். தம்பியைப் பீடத்தின் முன் சபையைப் பார்க்க நிறுத்தினார். பித்தளைக் காணிக்கைத் தட்டை எடுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் கல் தரையில் போட்டார். கைக்குழந்தைகள் வீறிட்டன. மூப்பர் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"இதான் சொகமா? நல்லா பாத்துக்குங்க" என்றார் அம்மா.

கமிட்டி கூடியது. மன்னிப்புக் கேட்காவிட்டால் ஐயரை மாற்றுவோம் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அப்பா கெஞ்சினார்.

"எம்புள்ளைக்கு காது கேக்கட்டுங்க. அன்னிக்கே போயி அந்தம்மா கால்ல வுழுறேன்."

மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கூரைக் கோயிலுக்கு மாற்றினார்கள். அங்கே அம்மா தம்பியை எதிரே உட்காரவைத்து, அவன் கையைத் தம் தொண்டையில் வைத்து, வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் வாய்விட்டுப் பேசவும் பழக்கினார். ஆண்டுக்கணக்கில் பழக்கினார். மூப்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தபோது வெந்நீர் அடுப்பில் போட்டார். இன்று தம்பி திருவாண்டார்கோயிலில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான்.

அம்மாவின் அடக்கத்துக்கு மூப்பரம்மா வந்தார். பெட்டியருகே நின்று, கூட்டத்தைப் பார்த்து, "இந்தத் தம்பி எங்க வூட்டு ஜெபத்துல பொழச்ச புள்ள" என்று தொடங்கினார். எதிரே நின்ற தம்பி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்" என்றான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது. மூப்பரம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு அன்று அழுகையோடு சந்தோஷமும் வந்தது. ஐயர் வீட்டுப் பெண் மன்னிக்க வேண்டாமா என்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை.

வண்டி கொடுத்த செட்டியார் குடும்பத்தாருக்கும், கூரைக் கோயில் சபையாருக்கும், கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. மூப்பர் வீட்டாருக்கும் இம்மலரில் ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருக்கிறோம். தேடிச் சிரமப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தை நானே மடித்து வைத்திருக்கிறேன்.